அச்சம் ஈன்ற நகை: ‘டிராகுலாப் பிள்ளை’ ஆட்டமும் மெய்ப்பாட்டியலும்

தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலைப் ‘பண்ணை’ என்னும் சொல்லோடு தொடங்குகின்றார். அச்சொற்கு விளையாட்டு என்பது பொருளாதலை உரியியலில் அவரே ஓதியுள்ளார். உரையாசிரியர்களும் விளையாட்டாயத்தின்கண் தோன்றும் பொருள் என்றே அதனை விரிப்பர். முப்பத்திரண்டாகத் தோன்றிப் பதினாறாக அடங்கி எட்டாக நின்ற மெய்ப்பாட்டுப் பொருள்களுக்குப் பிறப்பிடம் ஆடுகளமே என்பது இதனால் பெறப்படும். எனினும், நம் ஆராய்ச்சியாளர் அச்சொல்லின் வாயிலில் சிறிதும் நில்லாது செய்யுளுக்கு விரைந்து சென்றுவிடுவதே பெருவழக்காக உள்ளது. செய்யுளுறுப்பாகவே மெய்ப்பாடு ஓதப்பட்டது என்பது உண்மை. ஆயினும், ஆடுகளத்தில் பிறந்த இலக்கணத்தை ஆடுகளத்திற்கே திருப்பிப் பொருத்திப் பார்த்தல் குற்றமாகாது. அவ்வாறு பார்க்குமிடத்துச் செய்யுளில் விளங்காத சில நுட்பங்கள் விளங்குதலும் உண்டு.

இக்கட்டுரை எடுத்துக்கொண்டது ஒரு வீடியோ ஆட்டம். இருபதாம் நூற்றாண்டின் இறுதிக் கால்பகுதியில் உலகெங்கும் பரவிய இவ்வாட்டங்கள் இன்று நம் மாணவர் கைகளில் நூல்களினும் மிகுதியாகப் பயில்வன. அவற்றுள், அச்சச் சுவையை முதலாகக் கொண்டு நெடிது வளர்ந்த ஓர் ஆட்டத் தொடரின் கிளையாக, நகைச் சுவையை முதலாகக் கொண்டு எழுந்த ஆட்டம் ஒன்று உண்டு. மூலம் இருள், கிளை ஒளி. இத்தகைய கிளைகளைக் கண்டவுடன் திறனாய்வாளர் பலரும் ‘அங்கதம்’ என்றோ ‘கேலிப்படி’ என்றோ பெயரிட்டு அமைவர். அப்பெயர் இதற்குப் பொருந்தாது என்பதும், நகைக்குத் தொல்காப்பியர் கூறிய நிலைக்களன்களுள் பெரிதும் ஆராயப்படாத ஒன்றே இதன் உயிர்நிலை என்பதும் ஈண்டு நிறுவப்படும்.

முதற்கண் மூலத்தைக் காண்போம். ஜப்பானிய நிறுவனமாகிய கொனாமி 1986-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ‘அக்குமாஜோ டிராகுலா’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. ‘பேயரண்மனை டிராகுலா’ என அப்பெயரைத் தமிழாக்கலாம். மேலை நாடுகளில் அது ‘காசில்வேனியா’ என வழங்கலாயிற்று. 1897-இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய புதினத்தின் குருதியுண்ணும் கோமகனே இதன்கண் பகைத்தலைவன். வழிவழியாக வந்த சாட்டை ஒன்றையே படைக்கலமாகக் கொண்டு சைமன் பெல்மாண்ட் என்பான் தனியனாய் அவ்வரண்மனையுள் புகுகின்றான். படிகளில் ஏறியும், மேடைக்கு மேடை தாவியும், எதிர்ப்படும் பேய்களையும் விலங்குகளையும் அடித்து வீழ்த்தியும் அவனைச் செலுத்துதல் ஆடுவோனது தொழில்.

அச்சத்திற்குத் தொல்காப்பியர் கூறும் நிலைக்களன்கள் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கு. இவ்வாட்டத்தைப் படைத்தோர் தொல்காப்பியத்தைக் கேள்வியும் பட்டிரார். எனினும், கள்வர் ஒழிந்த ஏனைய மூன்றும் இதன்கண் நிரலே அமைந்திருத்தலைக் காணலாம். அவற்றுள்ளும் ‘இறை’ என்பதே முடிமணியாக நிற்கின்றது. டிராகுலா வெறும் பேய் அல்லன், கோமகன். அவன் அரியணையில் அமர்ந்திருப்பான். அவனைக் காணுதற்கு அரண்மனை முழுவதையும் கடந்து செல்லல் வேண்டும். பெருவௌவாலும், கூற்றுவனும், பிணங்களைத் தைத்து உயிரூட்டிய உருவமும் அவ்விறைக்கு வாயில்காப்போராக நிற்கின்றனர். அணங்கும் விலங்கும் இறைக்கு ஏவலாதல் என்னும் இவ்வமைப்பினாலேயே அச்சம் படிப்படியாக ஏறுகின்றது.

இவை யாவும் கண்ணுக்குப் புலனாகும் பொருள்கள். ஆட்டத்தின் அச்சம் இவற்றில் மட்டும் இல்லை என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. சைமன் ஒருமுறை தாவினால் தாவியதுதான். இடைவெளியில் அவன் திசையை மாற்ற இயலாது. காலை எடுக்குமுன் எண்ணாத பிழை காற்றிலே திருத்தப்படுவதில்லை. பகைப்பொருள் ஒன்று மேலே பட்டால் அவன் பின்னோக்கித் தள்ளப்படுவான். பின்னே பள்ளம் இருப்பின் அதுவே அவன் முடிவு. சாட்டையும் அண்மையில் உள்ளதையே எட்டும். ஆகவே, ஆடுவோன் ஒவ்வொரு தாவலுக்கு முன்னும் ஒரு நொடி தயங்குகின்றான். அத்தயக்கமே அச்சம். நாடகத்தில் மேடைமேல் உள்ளான் அஞ்சக் காண்போன் அதனை உணர்வான். இங்கே அஞ்சுவோனும் காண்போனும் ஒருவனே. சுவைப்படு பொருள், சுவையுணர்வு, உள்ளக்குறிப்பு, மெய்க்கண் தோன்றும் விறல் என்று உரையாசிரியர் பகுத்த நிலைகள், பொத்தானின்மேல் வைத்த ஒரு கட்டைவிரலில் ஒருங்கே கூடிவிடுகின்றன. ஆட்டத்தின் விதிதானே மெய்ப்பாட்டின் இருப்பிடம் என்று கூறுதல் மிகையன்று. ஆட்டங்களின் கதையை மட்டும் எடுத்துரைத்து அமையும் திறனாய்வுகள் இதனைத் தவறவிடுகின்றன.

கிளை ஆட்டம் 1990-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், அதே நிறுவனத்தால், ஃபாமிகாம் என்னும் அதே பொறிக்காக வெளிவந்தது. அதற்குள் மூலத் தொடரின் மூன்றாம் ஆட்டம் வெளிவந்து ஓராண்டும் நிறையவில்லை. தொடர் தளர்ந்தபின் எழுந்த கேலியன்று இது, தொடர் செழித்திருந்த காலத்திலேயே அதன் பக்கலில் முளைத்தது என்பதை இக்கால அணிமை காட்டும்.

அதன் ஜப்பானியப் பெயர் ‘அக்குமாஜோ ஸ்பெஷல்: போக்கு டிராகுலா-குன்’ என்பது. இலக்கணம் பயில்வோர் இப்பெயரில் சிறிது தங்குதல் வேண்டும். ‘போக்கு’ என்பது தன்மை ஒருமைப் பெயர். பெரும்பாலும் சிறுவரும் இளைஞரும் தம்மைச் சுட்ட வழங்குவது. ‘குன்’ என்பது சிறுவரின் பெயர்க்குப் பின் அன்பு தோன்றச் சேர்க்கும் ஒட்டு. நடுவே நிற்கும் ‘டிராகுலா’ என்னும் கொடும்பெயர், முன்னும் பின்னும் இவ்விரு சிறு சொற்களால் தழுவப்பட்டவுடன் பல் இழந்துவிடுகின்றது. பெயரை மாற்றவில்லை; திரிக்கவுமில்லை; இளமைச் சொற்களிடையே வைத்தனர், அவ்வளவே. பின்னர் ஆங்கிலத்தில் ‘கிட் டிராகுலா’ என்று பெயர்த்தபோது சிறுவன் என்பது மட்டும் எஞ்சியது. அவன் தன்னைத் தானே சுட்டி மார்தட்டும் குரல் போயிற்று. தமிழில் ‘டிராகுலாப் பிள்ளை’ என்று யாம் கூறுவதும் ஒருபுடை ஒப்புமையே.

கதை மிகச் சிறிது. தன்னைப் பேயரசன் எனத் தானே கூறிக்கொள்ளும் சிறுவன் பதினாயிரம் ஆண்டு உறங்கி எழுகின்றான். காலாமோத் என்னும் ஒருவன் அவனது அரசுரிமைக்கு மாறாக எழுந்துள்ளான். சிறுவன் மேலாடையைச் சுற்றிக்கொண்டு அவனை அடக்கப் புறப்படுகின்றான். இதற்குமேல் கதையில் ஒன்றுமில்லை, வேண்டுவதும் இல்லை.

விதிகளில் நேர்ந்த மாற்றமே பொருட்படுத்தத்தக்கது. இச்சிறுவன் தாவியபின் காற்றிலேயே திரும்ப வல்லவன். சாட்டைக்கு மாறாகத் தீயுருண்டைகளை வீசுகின்றான். அவை தொலைவிலும் செல்லும், மேல்நோக்கியும் செல்லும். பொத்தானை அழுத்திப் பிடித்துப் பின் விடுத்தால் வேறு ஆற்றல்கள் வெளிப்படும். நிலைகளைக் கடக்குந்தோறும் அவை ஒவ்வொன்றாகக் கூடும். சிறிது நேரம் வௌவாலாகிப் பறத்தல் அவற்றுள் ஒன்று; மேற்கூரையில் தலைகீழாக நடத்தல் மற்றொன்று. மூல ஆட்டத்தை ஆடியோர் வௌவாலை மறத்தல் அரிது. முதற் காவலனாக வந்து நின்றதும் அதுவே. தாவும் நேரம் பார்த்துப் பறந்துவந்து பள்ளத்தில் தள்ளியதும் அதுவே. அஞ்சி விலகிய அப்பொருள் இங்கே ஆடுவோனது உடலாகி விடுகின்றது. கூரையும் அவ்வாறே: மூலத்தில் தலைக்குமேல் உள்ளது எப்போது விழுமோ என்று நோக்கியவன், இங்கே அதன்மேல் நடந்து செல்கின்றான். விலங்கும் இறையும் அச்சத்தின் நிலைக்களன்களாக நின்ற அதே உலகம், இடம் மாறி நின்று பார்த்த அளவில் விளையாட்டாயிற்று. உவகைக்குரிய நான்கனுள் ‘விளையாட்டு’ என்பதனையும் தொல்காப்பியர் எண்ணியிருத்தல் ஈண்டு நினைவு கூரத்தக்கது.

முதல் நிலையில் ஒலிக்கும் இசையும் புதியது அன்று. மூன்றாம் காசில்வேனியாவின் தொடக்க நிலைக்குரிய இசையே விளையாட்டு நடைக்கேற்ப மாற்றி அமைக்கப்பட்டுள்ளது. மூலத்தை அறிந்தோர் அப்பண்ணைக் கேட்ட அளவில் அரண்மனையை உணர்வர். திரையில் நடப்பவனைக் கண்ட அளவில் முறுவலிப்பர். இரண்டும் ஒருங்கே நிகழ்தல் வேண்டும் என்பதே படைத்தோர் கருத்துப் போலும். மூலத்தை முற்றும் மறக்கச் செய்தல் இக்கிளையின் நோக்கம் அன்று.

இனி நகையின் வகையைக் காண்போம். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நகை நான்கு பொருள் பற்றிப் பிறக்கும் என்பது தொல்காப்பியம். இவை தன்கண் தோன்றுதலும் பிறர்கண் தோன்றுதலும் உண்டெனப் பேராசிரியர் விரிப்பர். நம் திறனாய்வு நூல்களில் எள்ளல் பெற்ற இடம் பெரிது. அங்கதம், வசை, கேலி யாவும் அதன் வழிப்பட்டன. பேதைமையும் மடனும் அகத்துறை விளக்கங்களில் ஓரளவு இடம் பெற்றன. இளமையோ, மழலை கேட்டு மகிழ்தல் என்ற ஓர் எடுத்துக்காட்டோடு பெரும்பாலும் முடிந்துவிடுகின்றது. மழலை கேட்டு நகுதல் எவ்வாற்றான் எள்ளலின் வேறு என்று கேட்பார் அரியர். விடை இதுவே: எள்ளல் தன் பொருளைத் தாழ்த்தி நகும், இளமையோ பொருளைத் தாழ்த்தாது, காலத்தால் பின்னே கொண்டுசென்று நகும். எள்ளப்பட்டவன் மீண்டும் அஞ்சத்தக்கவன் ஆதல் அரிது. இளையன் வளர்ந்தால் அஞ்சத்தக்கவனே ஆவான்; அவ்வாறு ஆவான் என்னும் அறிவே அந்நகைக்கு இனிமை தருகின்றது. புலிக்குட்டியைக் கண்டு நகுவோன் புலியை இழித்தவன் ஆகான்.

இவ்வேறுபாடு வெறுஞ் சொல்லளவினது அன்று என்பதற்கு அக்காலத்து மற்றோர் ஆட்டம் சான்றாகும். நாம்கோ நிறுவனம் 1988-இல் ‘ஸ்பிளாட்டர்ஹவுஸ்’ என்னும் கொடிய ஆட்டம் ஒன்றைக் கடைப்பொறிகளுக்காக வெளியிட்டது. முகமூடி பூண்ட ரிக் என்பான் தன் காதலியைத் தேடிப் பாழ்மனையுள் செல்கின்றான். அவளோ அவன் கண்முன்னே பேயுருக் கொள்ள, அவளையே எதிர்த்துப் பொருது இழக்கின்றான். அச்சத்தோடு அழுகையும் இளிவரலும் விரவிய ஆட்டம் அது. அடுத்த ஆண்டிலேயே, 1989-இல், ‘வான்பாக்கு கிராஃபிட்டி’ என்னும் நகையாட்டம் அதன் கிளையாக ஃபாமிகாம் பொறிக்கு வந்தது. அதனுள்ளும் உருவங்கள் தலை பெருத்துச் சிறுத்துள்ளன. மேலோட்டமாக நோக்குவார் இவ்விரு கிளைகளையும் ஒரே இனம் என்பர். ஆயின் அதன் நகை எள்ளலின் வழியது. சவப்பெட்டியிலிருந்து எழும் குருதிப்பேய் சண்டையை விடுத்து, அக்காலத்துப் புகழ்பெற்ற இசைப்படம் ஒன்றைப் போலப் பிணங்களோடு நடனம் ஆடுகின்றது. பேய்ப்படங்களின் பெயர்பெற்ற காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழிக்கப்படுகின்றன. இறுதியில் இவையனைத்தும் திரைப்படப் பிடிப்பே என்று காட்டப்படுகின்றது. இம்முடிவு தற்செயலானது அன்று. எள்ளலால் மூலத்தின் அச்சத்தை உடைத்தவர்க்கு, உடைந்த துண்டுகளை வைத்தற்கு வேறிடம் வேண்டியதாயிற்று. ‘இது மெய்யன்று’ என்று கூறித் தப்பவேண்டியதாயிற்று. டிராகுலாப் பிள்ளைக்கு அத்தகைய தப்புவழி எதுவும் தேவைப்படவில்லை.

நம் இலக்கியத்தில் இதற்கு ஒப்புமை தேடுவார்க்குக் கலிங்கத்துப்பரணியின் பேய்கள் முதலில் தோன்றும். களத்திற் கூழ் அடும் அப்பேய்கள் யானைக் கொம்பாற் பல் விளக்கியும் விலா எலும்பால் நா வழித்தும் மாந்தர் போல ஒழுகுதல் அச்சமும் இளிவரலும் நகையாக மாறிய அரிய இடமே. எனினும், அங்கு நகை போர்ப்பாட்டின் உள்ளேயே நிகழ்கின்றது. தனி நூலாகக் கிளைத்தது அன்று. தொண்டை நாட்டுப் பாரதக் கூத்துக்களில் வரும் கட்டியக்காரனும் அவ்வாறே. அவன் துரியோதனனை முகத்துக்கு நேரே எள்ளுவான். ஆயினும் கூத்தின் எல்லையைக் கடந்து செல்லான்.

இன்னும் அணுக்கமானது பிள்ளைத்தமிழ். ஒட்டக்கூத்தர் பகையரசர் அஞ்சிய குலோத்துங்கனைத் தொட்டிலில் இட்டுப் பாடினார். பகழிக்கூத்தர் சூரனைத் தடிந்த செந்திலாண்டவனைச் செங்கீரை ஆடச் செய்தார். இவ்வகை நூல்களில் ஆண்பாற்கு ஓதிய சிற்றிற் பருவத்தை நோக்குக. ஊர்களை அழிக்க வல்லவன் சிறுமியர் இழைத்த மணல்வீட்டை அழிக்கின்றான்; அவர்களும் அழியேல் என்று இரக்கின்றனர். அழித்தல் என்னும் தொழில் மாறவில்லை. அதன் அளவு மட்டும் மணலளவாகச் சுருங்கிற்று. தீயுருண்டை வீசும் டிராகுலாப் பிள்ளையும் செய்வது இதுவே. வேறுபாடும் ஒன்று உண்டு. பிள்ளைத்தமிழில் பெருமையைக் கூறுவோர் செவிலியும் தாயும். பிள்ளை தன் பெருமையைத் தான் அறியாது. இவ்வாட்டத்தில் பிள்ளையே தன்னைப் பேயரசன் என்று சாற்றிக்கொள்கின்றான். ஆகலின் இளமையோடு பேதைமையும் ஒரு துளி கலந்துள்ளது. இக்கலப்பே இதனைப் பக்தி நூலினின்றும் பிரித்து நகை நூலாக்குகின்றது.

ஒரு தொடரின் வெம்மையும் தண்மையும் தம்முள் மாறுகொள்ளா என்பதற்குத் திருத்தணிகையினும் சிறந்த சான்று வேண்டா. முருகன் சூரனோடு செய்த செருவும் வேடரோடு செய்த செருவும் தணிந்த இடம் ஆதலின் செருத்தணி எனப்பட்டது என்பது அவ்வூர்ப் பெயர்க்குக் கூறப்படும் காரணம். ஏனைய முருகன் தலங்களில் கந்தசட்டி விழாவில் சூரசங்காரம் நிகழ, இம்மலையில் அது நிகழ்வதில்லை; மாறாக மலர் வழிபாடு செய்யப்படுகின்றது. திருத்தணிகையை அடுத்த கே.ஜி.கண்டிகை போன்ற ஊர்களில் வாழ்வார் எவரும், தம் மலை செந்திலை எள்ளுகின்றது என்று ஒருபோதும் கருதியதில்லை. செந்திலில் வேலெறிந்தவனே இங்குத் தண்ணென்று நிற்கின்றான் என்பதே அவர் கொள்கை. தெய்வ வழிபாட்டை ஆட்டப்பொருளோடு ஒப்பிடுதல் எமது கருத்தன்று. ஒரு கதையின் சினமும் தணிவும் ஒன்றையொன்று அழிக்காது அடுத்தடுத்து வாழும் முறையையே சுட்டினோம்.

அம்மலையொடு தொடர்புடைய வள்ளி கதையும் இவ்வகையில் ஆராய்தற்குரியது. கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தில் போர்க்காண்டங்கள் எல்லாம் முடிந்தபின், தட்ச காண்டத்தின் இறுதியில் வள்ளியம்மை திருமணத்தை வைத்தார். அண்டங்களை நடுக்கிய வேலன் அங்கே வேடனாக வருகின்றான். நம்பிராசன் வரக் கண்டு வேங்கைமரமாகின்றான். பின்னர்த் தளர்ந்த கிழவனாகித் தேனும் தினைமாவும் உண்கின்றான். வள்ளி இணங்காதபோது அண்ணன் யானையாக வந்து அச்சுறுத்துகின்றான். அவள் அஞ்சிக் கிழவனையே தழுவுகின்றாள். விலங்கு பற்றிய அச்சம் இங்கே நகைக்கு ஏவல் செய்கின்றது. இப்பகுதி பிற்காலத்தில் புராணத்தினின்றும் கிளைத்துத் தனி நாடகமாயிற்று. சங்கரதாசு சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ இரவு முழுவதும் ஆடப்பெற்றது. நாரதரும் வள்ளியும் செய்யும் தருக்கத்திற்கெனவே மக்கள் திரண்டனர். ஆனால், இங்கு நகைக்கு நிலைக்களன் முதுமைக்கோலம் என்பது கருதத்தக்கது. இளையோன் கிழவனாகி நகை விளைத்தலும், கிழட்டுப் பேய் இளையனாகி நகை விளைத்தலும் ஒரே நாணயத்தின் இரு முகங்கள் அல்ல. கிழவன் வேடம் கலையும். கலையுமிடத்துப் பெருமை வெளிப்படும். பிள்ளையுரு வேடம் அன்று. கலைதற்கு அதன்கண் ஒன்றுமில்லை. இவ்விரண்டும் எள்ளலின் வேறாதல் ஒன்றே ஈண்டுப் பொது.

இவ்வாட்டத்தில் குறைகள் இல்லாமல் இல்லை. அமெரிக்கப் பெருநகர் ஒன்றில் நிகழும் நிலையில் சுதந்திரதேவி சிலை எதிர்ப்படுகின்றது; போர் செய்யாது அமெரிக்கா பற்றிய வினாக்களை விடுக்கின்றது. முதன்முறை காண்பார்க்கு இது நகை தரும். பகைத்தலைவன் சண்டைக்கு வருவான் என்று விரல்களை ஆயத்தம் செய்து நின்றவன், பள்ளித் தேர்வுக்கு வந்தவன் போலாகின்றான். ஆயினும், இது இளமையின் நகை அன்று. வேற்று நாட்டாரை நோக்கிய எளிய எள்ளல். இரண்டாம் முறையில் இதன் சுவை போய்விடுகின்றது. நிலைகளின் இடையே, திரட்டிய காசுகளைக் கொண்டு ஆடும் சில்லறை ஆட்டங்களும் அத்தகையனவே. அவை உயிர்களைக் கூட்டுகின்றன, சுவையைக் கூட்டவில்லை. படைத்தோர் தம் முதற்பொருளில் நம்பிக்கை குறைந்தபோதெல்லாம் இத்தகைய திருவிழாக் கடைகளை விரித்தனர் என்று எண்ணத் தோன்றுகின்றது.

நகையாட்டம் ஆதலின் எளிய ஆட்டம் என்று கருதுதலும் பிழை. பிற்பகுதி நிலைகள் மிகக் கூரிய கைத்திறம் வேண்டுவன. இளமை வேறு, எளிமை வேறு. பழமையும் அவ்வாறே வேறு. டிராகுலாப் பிள்ளை தன் காலத்தில் புத்தம்புதிய ஆட்டம். இன்று நம் கண்ணுக்குப் பழம்பாணியாகத் தோன்றுகின்றது. இதனால், பழம்பாணியே நகைக்குக் காரணம் என்று சிலர் மயங்குவர். 2018-இல் வெளிவந்த ‘பிளட்ஸ்டெயின்ட்: கர்ஸ் ஆஃப் த மூன்’ இம்மயக்கத்தை நீக்கும். அதுவும் ஓர் இருள்தொடரின் கிளை. வேண்டுமென்றே ஃபாமிகாம் காலத்துக் கட்ட உருவங்களால் அமைந்தது. ஆயின் அது நகை நூல் அன்று. மூலத்தின் இருளைக் குறையாமல் தாங்குவது. 2020-இல் வந்த அதன் இரண்டாம் பகுதியில் பொறிக்கவசத்துள் அமர்ந்து போர் செய்யும் நாய்க்குட்டி ஒன்று வருகின்றது. அவ்விடத்தில் மட்டும் முறுவல் எழுகின்றது. காரணம் பழம்பாணி அன்று, குட்டி.

மூலத்தின் உள்ளேயே இந்நகைக்கு வித்து இருந்தது என்பதும் கூறத்தக்கது. 1986-ஆம் ஆண்டு ஆட்டத்தை வென்று முடித்தோர் இறுதிப் பெயர்ப்பட்டியலில் வியப்பு ஒன்றைக் காண்பர். உழைத்தோரின் மெய்ப்பெயர்களுக்கு மாறாக, பிராம் ஸ்டோக்கர் பெயரும் பழைய பேய்ப்பட நடிகர் பெயர்களும் ஓரிரண்டு எழுத்துத் திரிந்து அங்கே நிற்கின்றன. டிராகுலாவை வீழ்த்திக் களைத்தவனுக்குப் படைத்தோர் காட்டிய கண்சிமிட்டு அது. நான்கு ஆண்டு கழித்து அக்கண்சிமிட்டே முழு ஆட்டமாக வளர்ந்தது எனலாம். ஆனால், பெயர்த்திரிபின் எள்ளலை விடுத்து இளமையைத் தேர்ந்தமையே வளர்ச்சி.

எள்ளலின் வேறாக இளமையைக் கொண்டதன் பயன் பின்னரே வெளிப்பட்டது. 1993-இல் சிறு கைப்பொறிக்காகப் பிள்ளையின் இரண்டாம் ஆட்டம் வந்ததன் பின்னர், இக்கிளை பட்டுவிட்டது போலத் தோன்றியது. 1997-இல் மூலத் தொடரின் தலைசிறந்த ஆட்டமாகப் பலரும் போற்றும் ‘சிம்பனி ஆஃப் த நைட்’ வெளிவந்தது. டிராகுலாவின் மகன் ஆலுகார்டு, தந்தையின் அரண்மனையுள் தனியே அலையும் துயரக் கதை அது. அதன் தலைகீழ் அரண்மனையில், பிணக்குழிகளின் ஆழத்தில், திரையை நிறைக்கும் பேருருவப் பகைவன் ஒருவன் நிற்கின்றான். அவன் பெயர் காலாமோத். பிள்ளையின் அரசுரிமையைப் பறிக்க வந்த அதே நகைப்பகைவன், நகையை ஒழித்து, ஆட்டத்தின் கொடிய பகைவருள் ஒருவனாக நிற்கின்றான். படைத்தோர் தம்முள் நகுதற்குச் செய்த குறும்பே இது என்று ஒருவர் கூறலாம். அவ்வாறே இருப்பினும், கிளையை அறியாதவன் அவன்முன் அஞ்சியே நிற்கின்றான். அறிந்தவனோ ஒரு முறுவலோடு அஞ்சுகின்றான். 2008-இல் வந்த ‘ஜட்ஜ்மென்ட்’ என்னும் ஆட்டத்தில் பதினாயிரம் ஆண்டுக்கு அப்பாலிருந்து தீமையை ஏவுவோனாகவும் அவனே கூறப்பட்டான். பிள்ளை உறங்கிய பதினாயிரம் ஆண்டு என்னும் நகைக் கணக்கு, தொடரின் மெய்க்காலக் கணக்கோடு இவ்வாறு இசைந்தது. வான்பாக்கு கிராஃபிட்டியின் பூசணித்தலை அரசன் இவ்வாறு மூலத்திற்கு மீண்டு அச்சம் தந்ததில்லை.

1990-ஆம் ஆண்டுப் பிள்ளையாட்டம் நெடுங்காலம் ஜப்பான் நாட்டு எல்லைக்குள்ளேயே இருந்தது. 2019-ஆம் ஆண்டு மே மாதத்தில் காசில்வேனியா ஆட்டங்கள் சிலவற்றைக் கொனாமி ஒரு தொகுதியாக வெளியிட்டபோதுதான் அது முதன்முதலாக முறையான ஆங்கில வடிவம் பெற்றது. அத்தொகுதியில் 1986-ஆம் ஆண்டின் அரண்மனையும் பிள்ளையும் ஒரே பட்டியலில் இடம்பெற்றுள்ளன. ஆராய்ச்சி மாணவர் இரண்டையும் அடுத்தடுத்து ஆடிப்பார்த்தல் நலம். மூலத்தை முதலில் ஆடுக. தாவலுக்கு முன்னர் விரல் தயங்கும் அந்நொடியை நன்கு உணர்ந்தபின், பிள்ளையைத் தாவவிட்டுக் காற்றிலே திருப்புக.